தொட்டிலுக்கு முன்பே தொடங்கும் மஞ்சள்

(சிதம்பரத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். அரங்கில் காட்டிய படங்கள், கேள்வி நேரம், சில கிளைப்பேச்சுகள் நீக்கப்பட்டுள்ளன.)

 

மருத்துவரும் மருத்துவர் அல்லாதவரும் கலந்திருக்கும் அவை இது. ஆகவே ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல நினைக்கிறேன். பச்சிளங்குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலைதான் பொருள். அதிலும் எல்லாக் காமாலையும் இல்லை. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பத்துக்கு ஆறு பேருக்கு முதல் வாரத்தில் கண்ணும் தோலும் கொஞ்சம் மஞ்சளாகும். இரண்டாம் மூன்றாம் நாளில் தெரியும், ஐந்தாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகும், பிறகு தானே இறங்கிவிடும். பெரும்பாலும் தாய்ப்பாலை நன்றாகக் கொடுத்தாலே போதும். அதற்கு ஒரு சொற்பொழிவு தேவையில்லை.

நான் பேச வந்தது, சிவப்பணுக்கள் காலத்துக்கு முன்பே உடைவதால் வரும் காமாலையைப் பற்றி. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தலைகாட்டுவதும், காலையில் பார்த்ததற்கும் மாலையில் பார்ப்பதற்கும் வித்தியாசம் தெரிகிற அளவுக்கு ஏறுவதும் பெரும்பாலும் இந்த வகைதான். கவனிக்காமல் விட்டால் மூளையில் போய்ப் படியும்.

இதில் நான் வாதிடப்போவது இது: இந்தக் காமாலையின் காரணத்தைக் குழந்தையின் தொட்டிலில் தேடத் தொடங்கினாலே நாம் தாமதமாகிவிட்டோம். காரணம் குழந்தைக்கு முன்பே அந்தக் குடும்பத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. தாயின் இரத்த வகையில், அவருக்கு எப்போதோ ஏற்றிய இரத்தத்தில், பெற்றோரின் உறவுமுறையில், சில வீடுகளில் துணிப்பெட்டிக்குள்ளேயே கூட. கர்ப்ப காலத்தின் ஒன்பது மாதத்தில் கேட்டு எழுதிவைக்க வேண்டியதைப் பிறந்த இரண்டாம் நாள் இரவில், 108 வண்டிக்காகக் காத்திருக்கும்போது கேட்கிறோம்.

விளக்குவதற்கு ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். பிறந்தது சேத்தியாத்தோப்பு, வாழ்க்கைப்பட்டது கடலூர் முதுநகர். இனி நான் ‘நம் பெண்’ என்றால் அவர்தான்.

1. முதலில் ஒரு கணக்கு

சிவப்பணுவுக்குள் இருப்பது ஹீமோகுளோபின். அணு உடைந்ததும் அதன் ‘ஹீம்’ பகுதியை உடல் பிரிக்கிறது. இரும்பைத் திரும்ப எடுத்துவைத்துக்கொள்கிறது. கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு உண்டாகி மூச்சில் வெளியேறுகிறது. மிஞ்சுவது பிலிவெர்டின் என்ற பச்சைப் பொருள். அது மாறி பிலிருபின் என்ற மஞ்சள் பொருளாகிறது. அடிபட்ட இடம் முதலில் கருநீலமாகி, பிறகு பச்சை பூத்து, கடைசியில் மஞ்சளாகி மறைவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த மூன்று நிறமும் இந்த வேதியியல்தான்.

ஒரு கிராம் ஹீமோகுளோபின் உடைந்தால் சுமார் 34 மில்லிகிராம் பிலிருபின் கிடைக்கும். மூன்று கிலோ குழந்தையின் உடலில் ஏறத்தாழ 250 மில்லி இரத்தம்; ஹீமோகுளோபின் 100 மில்லிக்கு 17 கிராம் என்று வைத்தால் மொத்தம் 42 கிராம். நமக்குச் சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். பச்சிளங்குழந்தைக்கு 70 முதல் 90 நாள்தான். எண்பது என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு அரை கிராமுக்குச் சற்று மேல் ஹீமோகுளோபின் உடைந்து 18 மில்லிகிராம் பிலிருபின் வரும். மற்ற வழிகளில் வருவதையும் சேர்த்தால் 24. எடைக்கு எடை பார்த்தால் இதுவே பெரியவர்களைப் போல இரு மடங்கு. இது நோயில்லாத குழந்தையின் கணக்கு.

இப்போது ஆயுளை எண்பதிலிருந்து இருபது நாளாகக் குறையுங்கள். சிவப்பணுவிலிருந்து மட்டும் நாளுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் வரும். அதைக் கரைத்து வெளியேற்ற வேண்டிய கல்லீரல் நொதியோ பிறந்தவுடன் பெரியவர்களுக்கு உள்ளதில் நூற்றில் ஒரு பங்கு திறனோடுதான் இருக்கிறது. ஆகவே வரவு நான்கு மடங்கு, செலவுக்கு வழியே இல்லை. எஞ்சுவது இரத்தத்தில் தேங்கி, அல்புமின் புரதம் தாங்கும் அளவைத் தாண்டினால் மூளையின் அடிப்பகுதிக் கருக்களில் படியும். 1904இல் ஜெர்மானிய நோயியலாளர் ஷ்மோர்ல் பிணப் பரிசோதனையில் கண்டு பெயரிட்டது இந்தப் படிவைத்தான். தப்பிப் பிழைக்கும் குழந்தைக்குக் காது கேளாமை, கை கால் முறுக்கிக்கொள்ளும் மூளைவாதம், கண்ணை மேல்நோக்கித் திருப்ப முடியாமை ஆகியவை வாழ்நாள் முழுவதும் நிற்கும்.

எனவேதான் வார்டில் ‘எவ்வளவு?’ என்ற கேள்வி மட்டும் போதாது என்கிறேன். ‘எந்த வேகத்தில்?’ என்பதுதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். 100 மில்லிக்குக் கணக்கிடும் பிலிருபின் அளவு, முதல் 24 மணி நேரத்தில் மணிக்கு 0.3 மில்லிகிராமோ அதற்கு மேலோ, அதன் பிறகு மணிக்கு 0.2 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஏறினால் சிவப்பணு உடைவதாகச் சந்தேகிக்க வேண்டும் என்று 2022இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி சொன்னது. அதே அளவு மஞ்சள் இருந்தாலும், உடைவு நடக்கும் குழந்தைக்குச் சிகிச்சையை முன்னதாகவே தொடங்க வேண்டும்.

செவிலியர் மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் குழந்தையைப் பயத்தமாவும் மஞ்சளும் பூசிக் குளிப்பாட்டுவார்கள்; பிள்ளை பெற்ற அறையில் ஜன்னலைச் சாத்திவைப்பார்கள். அந்த வெளிச்சத்தில் தோல் நிறத்தை நம்பாதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து, ஈறையும் கண்ணின் வெள்ளையையும் பாருங்கள்.

2. நெகட்டிவ் தாய்

நம் பெண்ணுக்கு இரத்த வகை நெகட்டிவ், கணவருக்குப் பாசிட்டிவ். இந்தியாவில் ஆர்.எச். நெகட்டிவ் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். ஐரோப்பிய வம்சத்தாரில் அது பதினைந்து. நம்மிடம் குறைவு என்பதே ஒரு சிக்கல். அடிக்கடி பார்க்காததை மறந்துவிடுவது எளிது.

இந்தக் காரணம் கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றில் நம் ஊர் மருத்துவமனை வாசலில் இன்றும் நடக்கக்கூடிய ஒரு காட்சி இருக்கிறது. நியூயார்க்கில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை இறந்து பிறந்தது. இரத்தப்போக்கு. கணவர் கையை நீட்டினார். இருவருக்கும் ஓ வகை; சேரும் என்றே ஏற்றினார்கள். அந்தப் பெண்ணுக்குக் கடுமையான எதிர்வினை வந்தது. லெவினும் ஸ்டெட்சனும் 1939இல் இதை எழுதியபோது, கருவிலிருந்த குழந்தையின் இரத்தத்தில் தந்தை வழி வந்த ஏதோ ஒன்றுக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கியிருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். அடுத்த ஆண்டு லேண்ட்ஸ்டைனரும் வீனரும் அந்த ஏதோ ஒன்றுக்கு ஆர்.எச். என்று பெயர் வைத்தார்கள். 1941இல் லெவின் குழு, குழந்தைகளின் கடும் காமாலைக்கும் இதுவே காரணம் என்று நிறுவியது. இங்கேயும் மனைவிக்கு இரத்தம் என்றதும் முதலில் சட்டைக் கையை மடிப்பவர் கணவர்தான். பாசம் புரிகிறது. ஆனால் பிள்ளை பெறும் வயதிலிருக்கும் மனைவிக்குக் கணவரின் இரத்தத்தை ஏற்றக்கூடாது. இரத்த வங்கிக்கு அவர் கொடுக்கட்டும். மனைவிக்கு வேறொருவருடையது வரட்டும்.

நோய் நடக்கும் விதம் இது. பிரசவத்தின்போது குழந்தையின் பாசிட்டிவ் இரத்தம் சில துளி தாயின் உடலுக்குள் கலக்கும். தாயின் உடல் அதை அந்நியமாகக் கண்டு எதிர்ப்பொருளை உண்டாக்கி நினைவில் வைத்துக்கொள்ளும். முதல் குழந்தை தப்பிவிடும். அடுத்த குழந்தையும் பாசிட்டிவ் என்றால், அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே கடந்து அதன் சிவப்பணுக்களைப் பிடிக்கும். லேசாக இருந்தால் காமாலை. கடுமையாக இருந்தால் கருவிலேயே சோகையும் உடல் முழுக்க நீர்க்கோவையும் வந்து உயிர் போகலாம்.

தடுக்கும் வழி 1968இலேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. லிவர்பூலிலும் நியூயார்க்கிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே யோசனைக்கு வந்தன: எந்த எதிர்ப்பொருள் நோயை உண்டாக்குகிறதோ அதையே வெளியிலிருந்து தாய்க்கு ஊசியாகக் கொடுத்துவிட்டால், தாயின் உடல் சொந்தமாகத் தயாரிக்கத் தொடங்கும் முன்பே குழந்தையின் அணுக்கள் அப்புறப்படுத்தப்பட்டுவிடும். அதுதான் ஆன்டி-டி ஊசி. ஊசி இல்லாத காலத்தில், தாய்க்கும் சேய்க்கும் ஏ, பி, ஓ வகை பொருந்தியிருந்தால், நெகட்டிவ் தாய்மாரில் நூற்றுக்குப் பதினாறு பேர் அளவில் எதிர்ப்பொருள் உண்டாகும். பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் இது ஒன்று இரண்டாகக் குறையும். 28ஆம் வாரத்திலும் ஒன்று போட்டால் ஆயிரத்துக்குச் சிலர் என்ற அளவுக்கு இறங்கிவிடும். எதிர்ப்பொருள் உண்டான பிறகு போட்டால் பயனில்லை.

மருந்து வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் ஏன் இன்னும் இந்தக் குழந்தைகள் வருகிறார்கள்? இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். என் பேச்சின் மையம் இதுதான்.

நம் பெண்ணின் முதல் பிரசவம் வழக்கப்படி தாய்வீட்டில். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து சேத்தியாத்தோப்புக்கு வந்துவிட்டார். அதுவரை பரிசோதனை நடந்தது கடலூரில். ஊசி போட வேண்டிய 28ஆம் வாரம் சரியாக அந்த இடமாற்றத்தில் விழுகிறது. கடலூர் நர்சம்மா ‘அங்கே போட்டுக்கொள்வார்கள்’ என்று நினைக்க, சேத்தியாத்தோப்பு நர்சம்மா ‘அங்கேயே போட்டிருப்பார்கள்’ என்று நினைக்க இடமிருக்கிறது. குழந்தை பிறந்தது; பாசிட்டிவ். ஊசி போட்டார்களா? போட்டிருந்தால் அது டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரி. அந்தத் தாள் தாய்வீட்டு அலமாரியில். இரண்டாவது பிரசவம் புகுந்த வீட்டில், கடலூரில். ‘போன தடவை ஊசி போட்டாங்களா?’ என்றால், ‘நிறைய ஊசி போட்டாங்க’ என்பார் நம் பெண். அவரைக் குறை சொல்ல முடியாது.

இதற்கிடையில் ஒரு கரு இரண்டாம் மாதத்தில் கலைந்திருக்கலாம். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கலைத்திருக்கலாம். அதை மாமியார் முன்னால் சொல்லவே மாட்டார். கருக்கலைவும் தாயின் உடலுக்குக் குழந்தையின் இரத்தத்தை அறிமுகப்படுத்தும் வாய்ப்புதான். அதனால் கணக்கில் ‘இரண்டாவது’ என்று எழுதப்படும் கர்ப்பம் உண்மையில் மூன்றாவதாக இருக்கலாம். கர்ப்பிணியைத் தனியாக உட்காரவைத்துக் கேட்க ஒரு நாற்காலியும் ஐந்து நிமிடமும் போதும்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் உண்டு. அது இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ்கூட வாங்க முடியாது. ஊர் மாறினாலும் கூடவே போகும் எண் அது. நெகட்டிவ் தாயாக இருந்தால் ‘ஆன்டி-டி: தேதி, இடம்’ என்பதையும் தாயின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டா என்று பார்க்கும் மறைமுகக் கூம்ஸ் பரிசோதனையின் முடிவையும் அந்தப் பதிவிலும், தாய் கையிலிருக்கும் அட்டையின் முகப்பிலும் சிவப்பு மையில் எழுதுவதைக் கட்டாயமாக்கலாம் என்பது என் யோசனை. செலவு ஒரு பேனா.

எதிர்ப்பொருள் உண்டாகிவிட்ட தாய் என்று முன்பே தெரிந்தால் செய்யக்கூடியவை ஏராளம். குழந்தையின் மூளை இரத்தக் குழாயில் ஓட்ட வேகத்தை ஸ்கேனில் அளந்தே கருவிலிருக்கும் சோகையைக் கண்டுபிடிக்கலாம். கருவுக்கே இரத்தம் ஏற்றலாம். நியூசிலாந்தின் லிலி 1963இல் செய்துகாட்டியது. பிறந்தபின் இரத்தம் மாற்ற வேண்டிவந்தால் மூன்று கிலோ குழந்தைக்கு அரை லிட்டர் நெகட்டிவ் இரத்தம் வேண்டும். நூறு பேரில் ஐந்து பேரிடம் மட்டும் இருக்கும் இரத்தத்தை நள்ளிரவில் மஞ்சக்குப்பத்திலோ அண்ணாமலைநகரிலோ தேடுவதும், ஒரு மாதம் முன்பே இரத்த வங்கியில் சொல்லிவைப்பதும் ஒன்றல்ல.

3. ஓ வகைத் தாய்

நெகட்டிவ் தாயைவிட அதிகம் பார்ப்பது இவர்களைத்தான். தென்னிந்தியாவில் மிகுந்திருக்கும் வகை ஓ. தாய் ஓ, குழந்தை ஏ அல்லது பி என்றால், தாயிடம் இயல்பாகவே இருக்கும் எதிர்ப்பொருளில் ஒரு பகுதி நஞ்சுக்கொடியைக் கடந்துபோய்விடும். முன் கர்ப்பம் எதுவும் தேவையில்லை. முதல் குழந்தைக்கே வரும். ‘முதல் பிள்ளைதானே, வராது’ என்பது ஆர்.எச். விஷயத்தில் பெரும்பாலும் சரி. இங்கே தவறு.

ஆனால் பெரும்பாலும் லேசாகவே இருக்கும். பச்சிளங்குழந்தையின் சிவப்பணுவில் ஏ, பி அடையாளங்கள் இன்னும் முழுதாக முளைத்திருக்காது. அந்த அடையாளங்கள் உடலின் மற்ற திசுக்களிலும் இருப்பதால் எதிர்ப்பொருள் அங்கும் இங்கும் சிதறிவிடும். குழந்தையின் அணுவில் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் நேரடிக் கூம்ஸ் பரிசோதனை பல நேரம் மங்கலாகத் தெரியும் அல்லது இல்லையென்றே வரும். அந்தத் தாளைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். இரத்தப் பூச்சில் உருண்டை அணுக்கள் இருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு விந்தை. நெகட்டிவ் தாய் ஓ வகையாகவும், குழந்தை ஏ பாசிட்டிவ் அல்லது பி பாசிட்டிவாகவும் இருந்தால், ஆர்.எச். எதிர்ப்பொருள் உண்டாகும் வாய்ப்பு குறைகிறது. உள்ளே கலந்த குழந்தையின் அணுக்களை ஏ, பி எதிர்ப்பொருளே உடனே அழித்துவிடுவதால் தாயின் உடலுக்கு ஆர்.எச்.-ஐ அடையாளம் காண நேரம் கிடைப்பதில்லை. ஆன்டி-டி ஊசி என்ற யோசனை பிறந்ததே இயற்கை செய்யும் இந்த வேலையைப் பார்த்துத்தான்.

4. ‘எனக்குப் பாசிட்டிவ்தான்’

பாசிட்டிவ் என்று எழுதியிருக்கும் அட்டையும் முழுப் பாதுகாப்பு அல்ல. சிவப்பணுவின் மேல், ஆர்.எச். பாசிட்டிவா நெகட்டிவா என்று முடிவுசெய்யும் டி தவிர, சிறிய சி, ஈ, கெல் என்று வேறு பல அடையாளங்கள் உண்டு. சோகைக்காகவோ பிரசவ இரத்தப்போக்குக்காகவோ தாய்க்கு முன்பு இரத்தம் ஏற்றியிருந்தால், வகையும் டி-யும் பொருந்தியிருந்தாலும் இவை பொருந்தாமல் போயிருக்கலாம். கெல் எதிர்ப்பொருள் எலும்பு மச்சையின் உற்பத்தியையே தடுப்பதால் காமாலையைவிடச் சோகைதான் தூக்கலாக நிற்கும். ஆகவே கேட்க வேண்டியது ஒரு கேள்வி: ‘அம்மா, உங்களுக்கு எப்போதாவது இரத்தம் ஏற்றியிருக்கிறதா?’

5. துணிப்பெட்டி

இதுவரை சொன்னவற்றில் தாயின் எதிர்ப்பொருள் குற்றவாளி. இனி குழந்தையின் அணுவே பலவீனமானது. ஜி6பிடி என்ற நொதிதான் சிவப்பணுவை ஆக்சிஜனேற்றத் தாக்குதலிலிருந்து காக்கிறது. அது குறைவாக இருக்கும் குறைபாடு எக்ஸ் நிறமூர்த்தத்தில் வருவதால், ஆண் குழந்தைகளிடம் கூடுதலாகத் தெரியும். தாய் வழியில் வரும். மலேரியா மருந்தான பிரைமாகுவின் சிலருக்கு மட்டும் ஏன் இரத்தத்தை உடைக்கிறது என்று தேடியபோது 1956இல் இது பிடிபட்டது. இந்தியாவிலேயே பல வடிவங்கள் உண்டு; அவற்றில் ஒன்றுக்குக் கேரளா-கல்யாண் என்றும் மற்றொன்றுக்கு ஒரிசா என்றும் பெயர்.

இந்தக் குழந்தைகள் சும்மா விடும்வரை பெரும்பாலும் சும்மா இருப்பார்கள். தூண்டிவிட ஒரு பொருள் வேண்டும். அந்தப் பொருள் பல நேரம் நம் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடுவதில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய வேட்டியிலும் பாட்டியின் பருத்திச் சேலையிலும்தான் சுற்றுவோம். தூளி கட்டுவதும் அந்தச் சேலையில். நல்ல வழக்கம், தோலுக்கு இதமானது. ஆனால் அந்தச் சேலை எங்கிருந்து வருகிறது? டிரங்குப் பெட்டியிலிருந்து. பெட்டிக்குள் அந்துருண்டை, பாச்சை உருண்டை என்பார்களே, அது. உருண்டை நாப்தலினால் ஆனது என்றால், அதன் ஆவி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் குழந்தைக்குள் போய், ஜி6பிடி குறைந்த சிவப்பணுக்களைக் கொத்துக் கொத்தாக உடைக்கும். கிரேக்க மருத்துவர்கள் வலேஸ், டாக்சியாடிஸ், ஃபெஸ்ஸாஸ் ஆகியோர் பச்சிளங்குழந்தைகளிடம் இதைப் பார்த்து 1963இலேயே எழுதிவிட்டார்கள். கிரேக்கத்திலும் பாட்டிகள் துணியைப் பெட்டியில்தான் வைத்திருக்கிறார்கள்!

எண்ணெய்ப்பசையுள்ள தோலில் நாப்தலின் இன்னும் எளிதாக ஊறும். நாமோ எண்ணெய் தேய்க்காமல் குழந்தையை விடுவதில்லை. ஆகவே எட்டாம் மாதத்திலேயே அந்தத் துணிகளை எடுத்து, துவைத்து, வெயிலில் சில நாள் நன்றாகக் காயப்போடச் சொல்லுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் அந்துருண்டை வேண்டாம். பெட்டிக்கு வேப்பிலை போதும்.

மருதாணியும் இந்தப் பட்டியலில் உண்டு. அதன் சிவப்பைத் தரும் லாசோன் வேதியியலில் நாப்தலினுக்கு உறவுக்காரன். ஜி6பிடி குறைந்த குழந்தைகளின் உடலில் மருதாணி பூசி இரத்தம் உடைந்த நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. வளைகாப்பில் தாய் கையில் வைத்துக்கொள்வதைப் பற்றி நான் பேசவில்லை. பச்சிளங்குழந்தையின் கையிலும் காலிலும் வைக்காதீர்கள் என்கிறேன். மருத்துவர்களுக்கு: பிரசவ நாள் நெருங்கும் தாய்க்குச் சிறுநீர்த் தொற்று என்றால் நைட்ரோஃபுரான்டாயின் எழுதும் முன் யோசியுங்கள்.

ஜி6பிடி குழந்தையின் தாய்மார்கள் தவறாமல் கேட்பது, ‘மொச்சை, அவரை சாப்பிடலாமா?’ என்று. மத்தியதரைக் கடல் நாடுகளில் இரத்தத்தை உடைப்பது விசியா ஃபாபா என்ற வேறொரு தாவரத்தின் பயறு. நம் மொச்சையும் அவரையும் லாப்லாப் இனம். பொங்கல் கூட்டைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

ஒரு நுணுக்கமும் சொல்லிவிடுகிறேன். உடைவு நடக்கும்போதே ஜி6பிடி அளவைப் பார்த்தால், வயதான அணுக்கள் எல்லாம் உடைந்துபோய், நொதி நிறைந்த இளம் அணுக்கள் மட்டும் மிஞ்சியிருப்பதால் இயல்பு என்று வந்துவிடலாம். இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

6. சொந்தத்தில் கல்யாணம், தாத்தாவின் மண்ணீரல்

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவில் மணம் முடிப்பது நாட்டிலேயே மிகுந்திருக்கும் மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. பைருவேட் கைனேஸ் என்ற நொதிக் குறைபாடு போன்றவை தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வெளிப்படும். உறவுத் திருமணத்தில் அந்த வாய்ப்பு கூடுகிறது. முதல் நாளே கடும் காமாலை, எதிர்ப்பொருள் எதுவும் இல்லை, ஜி6பிடியும் சரி என்றால் உறவுமுறையைக் கேளுங்கள். வெட்கப்படும் கேள்வி இல்லை இது.

சிவப்பணு உருண்டையாகப் பிறக்கும் நோய் இதற்கு நேர் எதிர்: அது பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்தே இறங்கிவரும். இருபது வயதில் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை செய்துகொண்ட சித்தப்பா, மண்ணீரலை எடுத்துவிட்ட தாத்தா, அவ்வப்போது கண் மஞ்சளாகும் அத்தை. குடும்பத்துக்கு இது தெரியும். குழந்தையின் காமாலையோடு சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

மாணவர்கள் தேர்வில் எழுதும் ஒரு தவறையும் இங்கே குறிக்கலாம். அரிவாள் அணுச் சோகையை இந்தப் பட்டியலில் முதலில் எழுதுகிறார்கள். 1952இல் லேமனும் கட்புஷ்ஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணுப் பண்பைக் கண்டு எழுதியதிலிருந்து தமிழ்நாட்டுக்கு அது தெரிந்த நோய்தான். ஆனால் பிறந்த குழந்தையிடம் இருப்பது பெரும்பாலும் கருவிற்குரிய ஹீமோகுளோபின். அரிவாள் அணு போல ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் வரும் கோளாறுகள் மாதங்கள் கழித்துத்தான் முகம் காட்டும். முதல் வாரக் காமாலைக்கு அதைக் குற்றம் சாட்ட வேண்டாம்.

இவை தவிர, வாக்குவம் வைத்து எடுத்த குழந்தையின் தலையில் கட்டிய இரத்தம், கிருமித் தொற்று, இரத்தம் அளவுக்கு மீறி அடர்ந்திருப்பது என்று சில உண்டு. கண்ணால் பார்த்தும் எளிய பரிசோதனையாலும் தெரிபவை என்பதால் கடந்துபோகிறேன்.

7. கீழாநெல்லியும் காலை வெயிலும்

காமாலை என்றால் கல்லீரல், கல்லீரல் என்றால் கீழாநெல்லி என்பது நம் மரபில் ஊறியது. அந்த இலையை நான் இளப்பமாகப் பேச மாட்டேன். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் இணைந்த குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களிடம் அதைச் சோதித்து லான்செட் இதழில் எழுதியது. பின்வந்த ஆய்வுகள் அதே பலனைக் காட்டவில்லை என்பது வேறு கதை. ஆனால் இந்தக் குழந்தைக்குக் கல்லீரலில் நோயே இல்லை. உடைவது இரத்தம். குழந்தைக்கு இலைச்சாறு புகட்டுவதும், தாயை உப்பு, எண்ணெய் இல்லாத பத்தியத்தில் போடுவதும் பாலைத்தான் குறைக்கும். பால் குறைந்தால் குடலில் இருக்கும் பிலிருபின் திரும்ப இரத்தத்துக்கே ஏறும். சர்க்கரைத் தண்ணீருக்கும் இதே கதிதான்.

காலை வெயிலுக்கு ஒரு நியாயம் இருந்தது. 1956இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் செவிலியர் வார்டு என்பவர் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவார். வெயில் பட்ட தோலில் மஞ்சள் வெளுத்திருப்பதை அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். 1958இல் கிரெமர் குழு விளக்குச் சிகிச்சையை வெளியிட்டது. இன்று நம் வார்டுகளில் ‘லைட்ல வெச்சிருக்காங்க’ என்பது அந்தச் செவிலியரின் கண்ணிலிருந்து வந்ததுதான். ஆனால் துணி சுற்றிய குழந்தையைத் திண்ணையில் பத்து நிமிடம் காட்டுவது நீல விளக்கின் கீழ் இருபது மணி நேரம் வெற்றுடம்பாகக் கிடப்பதற்கு ஈடாகாது. மணிக்கு மணி ஏறும் காமாலையில் வெயிலை நம்பிக் கழிக்கும் இரண்டு நாள் திரும்பக் கிடைக்காது. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் தீவாகிவிடும் கீழகுண்டலபாடி, திட்டுக்காட்டூர் போன்ற ஊர்களுக்கு நான் இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன்: தாய் நெகட்டிவ், அல்லது முன் குழந்தைக்கு லைட் வைத்தது என்று தெரிந்தால், அந்தக் குழந்தையை மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

விளக்கு வந்த மஞ்சளைக் கரைக்கும், உடைவதை நிறுத்தாது. அது என்னைக் கடைசிக் கருத்துக்குக் கொண்டுவருகிறது.

8. மஞ்சள் போன பிறகு

தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குழந்தையின் உடலில் வாரக்கணக்கில், சில நேரம் இரண்டு மூன்று மாதம் தங்கும். மஞ்சள் இறங்கி, எல்லோரும் மகிழ்ந்து வீட்டுக்குப் போனபின், உடைவு மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். கல்லீரல் இப்போது விழித்துவிட்டதால் மஞ்சள் தெரியாது. குழந்தை வெளுத்துக்கொண்டு போகும். நான்கு முதல் ஆறு வாரத்தில் இது கண்ணுக்குத் தெரியும். கருவிலேயே இரத்தம் ஏற்றப்பட்ட குழந்தைகளுக்கு எலும்பு மச்சை மந்தமாகிவிடுவதால் இன்னும் கடுமையாக வரும். வீட்டில் ‘பிள்ளை சிவப்பா வருது’ என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

இதைப் பிடிக்க நம்மிடம் ஏற்கெனவே ஒரு நாள் இருக்கிறது. 45ஆம் நாள் ஊசிக்கு ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் துணைச் சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள். லைட்டில் இருந்த குழந்தையின் தடுப்பூசி அட்டையில், டிஸ்சார்ஜ் செய்யும் மருத்துவர் மூன்று விஷயங்களை எழுதி அனுப்பலாம்: இரத்தம் உடைந்த காரணம், கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபின், காது கேட்கும் பரிசோதனைக்கு வர வேண்டிய தேதி. அதைப் படிக்கும் கிராம சுகாதார செவிலியர், உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளுத்திருக்கின்றனவா, பால் குடிக்கும்போது குழந்தைக்கு வியர்க்கிறதா, நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துவிட்டு, ஊசி போட்ட கையோடு ஹீமோகுளோபின் பார்க்க அனுப்பிவிடுவார். எழுதாத அட்டையோடு வரும் குழந்தைக்கு ஊசி மட்டும் கிடைக்கும்.